கைவிளக்கேந்திய காரிகையும் அவர் எண்ணிய மரணங்களும்



ப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?

பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் பார்த்த அந்தப் படம்தான் வரும். நீளமான வார்டு. இரண்டு பக்கமும் காயம்பட்ட போர் வீரர்கள். நடுவில் கையில் விளக்கோடு ஒரு பெண்மணி. "கைவிளக்கேந்திய காரிகை" என்று மனப்பாடம் செய்திருப்போம்.

நானும் அப்படித்தான் படித்தேன். எம்பிபிஎஸ் முடித்து அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் வரை எனக்கும் நைட்டிங்கேல் அம்மையார் என்றால் அந்த விளக்கு மட்டும்தான்.

அப்புறம்தான் அவருடைய வாழ்க்கையின் இன்னொரு பக்கம் தெரிய வந்தது.

அவர் செவிலியர்களுக்குத் தலைமை ஏற்றுப் போன மருத்துவமனையில், அவர் போன பிறகு மரணங்கள் குறையவில்லை. கூடின. அதுவும் பல மடங்கு.

அதைப் போர் முடிந்த பிறகு அவரே கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதை மூடி மறைக்கவில்லை. அந்தக் கணக்கை வைத்தே ஒரு நாட்டின் ராணுவ மருத்துவத்தை மாற்றினார்.

இந்தக் கதையை இன்று எழுதத் தூண்டியது எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவரின் கோடு போட்ட நோட்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் 170 வருடம் பின்னால் போவோம், வாங்க.

வருடம் 1854.

ரஷ்யாவை எதிர்த்து துருக்கியின் பக்கம் பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்குகின்றன. கருங்கடலின் வடக்கே இருக்கும் கிரிமியா தீபகற்பத்தில் சண்டை.

காயம்பட்ட, நோய்வாய்ப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைக் கப்பலில் ஏற்றி, கருங்கடலைக் கடந்து, இன்றைய இஸ்தான்புல் நகரின் ஆசியப் பக்கத்தில் இருக்கும் ஸ்கூடாரி என்ற ஊருக்குக் கொண்டு வருகிறார்கள். அங்கே துருக்கிப் படைக்குச் சொந்தமான ஒரு மிகப்பெரிய படைவீடு. அதைத்தான் மருத்துவமனையாக மாற்றி வைத்திருந்தார்கள்.

பெயர்தான் மருத்துவமனை. கட்டில் போதவில்லை. போர்வை இல்லை. கட்டுப் போடத் துணி இல்லை. இந்த நிலைமையை லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை அக்டோபர் மாதம் வெளியிட்டதும் இங்கிலாந்தே கொதித்தது.

போர்த்துறை அமைச்சர்களில் ஒருவரான சிட்னி ஹெர்பர்ட், தனக்கு நன்கு தெரிந்த நைட்டிங்கேலுக்குக் கடிதம் எழுதுகிறார். "செவிலியர்களை அழைத்துக்கொண்டு போக முடியுமா?" என்பதுதான் சாராம்சம்.

அப்போது அவருக்கு வயது 34. வசதியான குடும்பம். வீட்டின் எதிர்ப்பை மீறி ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் செவிலியப் பயிற்சி எடுத்தவர். லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து கொண்டிருந்தார்.

38 பெண்களோடு அக்டோபர் 21 அன்று கிளம்பி, நவம்பர் 4 அன்று ஸ்கூடாரி வந்து சேர்ந்தார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் போனது ஒரு செவிலியராக மட்டும் அல்ல. துருக்கியில் இருந்த ஆங்கில ராணுவ மருத்துவமனைகளின் பெண் செவிலியர்கள் அத்தனை பேருக்கும் கண்காணிப்பாளராக. இன்றைய நம் மருத்துவமனை மொழியில் சொன்னால் நர்சிங் சூப்பிரண்ட்.

யார் எந்த வார்டு, யாருக்கு என்ன வேலை, என்ன பொருள் வாங்குவது, யாரைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அவர் தலையில்.

போனவுடன் என்ன நடந்தது?

ராணுவ மருத்துவர்களுக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. "பெண்களுக்கு இங்கே என்ன வேலை?" என்கிற மனநிலை.

நைட்டிங்கேல் சண்டை போடவில்லை. டாக்டர்கள் கூப்பிடாமல் யாரும் வார்டுக்குள் போகக்கூடாது என்று தன் செவிலியர்களுக்கு உத்தரவு போட்டார். துணி தைத்தார்கள், கட்டுத்துணி தயார் செய்தார்கள், காத்திருந்தார்கள்.

அதிக நாள் காத்திருக்க வேண்டி வரவில்லை. இங்கர்மேன் சண்டையில் காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கவும், டாக்டர்களே கூப்பிட்டார்கள்.

அதன் பிறகு அவர் ஓயவில்லை. பத்திரிகை வாசகர்கள் திரட்டிய நிதியில் சட்டை, போர்வை, தட்டு, தேய்க்கும் பிரஷ் என்று வாங்கினார். துணி துவைக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளுக்குத் தனிச் சமையல் தொடங்கினார். இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு வார்டு வார்டாக நடந்தார்.

அந்த விளக்கு பொய்யில்லை. வீரர்கள் அவரைத் தெய்வமாகவே பார்த்தார்கள்.

ஆனால் வார்டில் மரணங்கள்?

1855 பிப்ரவரியில் ஸ்கூடாரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்து கொண்டிருந்தார்கள்.

இன்னொரு முறை படியுங்கள். நூற்றுக்கு 42.

செவிலியர் இருக்கிறார்கள். சுத்தமான சட்டை இருக்கிறது. நல்ல கஞ்சி இருக்கிறது. அன்பு இருக்கிறது. அப்படியும் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவர் உயிரோடு வெளியே போகவில்லை.

அதிலும் பெரும்பாலானவர்கள் குண்டடி பட்டுச் சாகவில்லை. வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, டைபஸ் காய்ச்சல். இவைதான் கொன்றன. காலில் அடிபட்டு வந்தவர் காய்ச்சலில் இறந்தார்.

ஏன்?

பதில் அந்தக் கட்டடத்தின் அடியில் இருந்தது.

அவ்வளவு பெரிய படைவீட்டுக்குக் கீழே கழிவுநீர்க் குழிகளும் அடைத்துப் போன சாக்கடைகளும் கிடந்தன. கழிப்பறைக் குழாய்கள் வழியே அந்த நாற்றம் மேலே வார்டுக்கே வந்தது. காற்றோட்டம் இல்லை. படுக்கைக்கும் படுக்கைக்கும் இடைவெளி இல்லை.

1855 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து இறங்கியது. டாக்டர் ஜான் சதர்லேண்ட், டாக்டர் ஹெக்டர் கேவின், பொறியாளர் ராபர்ட் ராலின்சன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள்.

அவர்கள் வந்து மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சாக்கடையைத் திறந்து கழுவினார்கள். வண்டி வண்டியாகக் குப்பையை அள்ளினார்கள். செத்த மிருகங்களைப் புதைத்தார்கள். மருத்துவமனைக்குத் தண்ணீர் வரும் வழியிலேயே ஒரு செத்த குதிரை கிடந்தது. அதை எடுத்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். காற்று வர வழி செய்தார்கள்.

ஜூன் மாதம். நூற்றுக்கு 42 என்று இருந்த மரணம் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். வர வேண்டும்.

"டாக்டர், பிப்ரவரி கடுமையான பனிக்காலம். ஜூன் வெயில் காலம். குளிர் போனதால் மரணம் குறைந்திருக்கலாமே? சாக்கடையைக் கழுவியதால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

மிகச் சரியான கேள்வி. ஆதாரத்தை வைத்து முடிவெடுப்பது என்றால் முதலில் இப்படிச் சந்தேகப்படத் தெரிய வேண்டும்.

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒரு பனிக்காலத்தை அடுத்த பனிக்காலத்தோடு ஒப்பிட வேண்டும். நைட்டிங்கேல் பிற்பாடு வெளியிட்ட அட்டவணையிலேயே அது இருக்கிறது. கிழக்கே போரில் இருந்த மொத்த பிரிட்டிஷ் படைக்குமான கணக்கு அது.

1855 ஜனவரி. படையின் அளவு 32,393 பேர். அந்த ஒரே மாதத்தில் தொற்று நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். மற்ற காரணங்களால் 324 பேர்.

1856 ஜனவரி. படையின் அளவு 44,212 பேர். தொற்று நோய்களால் இறந்தவர்கள் 42 பேர்.

படை பெரிதாகியிருக்கிறது. அதே பனிக்கால மாதம். 2,761 எங்கே, 42 எங்கே!

இதற்குச் சாக்கடை கழுவியது மட்டுமே காரணம் இல்லை. இடைப்பட்ட காலத்தில் உணவும் உடையும் ஒழுங்காக வந்தன. செவஸ்டபோல் நகரம் வீழ்ந்து பெரிய சண்டையும் ஓய்ந்திருந்தது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் வெயில் வந்ததால் தானாகக் குறைந்தது என்று மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது.

சரி. இப்போது கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

1856 ஆகஸ்ட். போர் முடிந்து நைட்டிங்கேல் ஊர் திரும்புகிறார். நாடே வரவேற்கக் காத்திருக்கிறது. அவரோ 'மிஸ் ஸ்மித்' என்ற பெயரில் யாருக்கும் தெரியாமல் வந்து சேர்கிறார்.

அவர் மனதில் அப்போது என்ன இருந்தது தெரியுமா?

வீரர்கள் செத்ததற்குக் காரணம் பட்டினியும் குளிரும் தாமதமும்தான் என்று நம்பினார். மேலதிகாரிகள் உணவும் உடையும் அனுப்பாமல் விட்டார்கள், சாகக் கிடக்கும் நிலையில்தான் வீரர்களை ஸ்கூடாரிக்கு அனுப்பினார்கள். தன் மருத்துவமனை முடிந்ததைச் செய்தது. இதுதான் அவர் எண்ணம்.

நம்மில் யாராக இருந்தாலும் இப்படித்தான் நினைப்போம் இல்லீங்களா? "கேஸ் லேட்டா வந்துச்சு." இந்த வாக்கியத்தை நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பல நேரம் அது உண்மையும் கூட. ஆனால் எல்லா நேரமும் அல்ல.

அந்த வருடக் கடைசியில் அவருக்கு வில்லியம் ஃபார் என்பவரின் அறிமுகம் கிடைத்தது. இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர். மரணக் கணக்கைப் படிப்பதில் அந்நாளில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இருவரும் ஸ்கூடாரி பதிவேடுகளோடு உட்கார்ந்தார்கள்.

முதல் தலைவலி பதிவேடே. ஸ்கூடாரியில் மரணங்களுக்கு மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று எண்ணிக்கை! ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதே உறுதியாகத் தெரியாத இடத்தில், ஏன் செத்தார்கள் என்று எப்படிக் கேட்பது?

அதைச் சரிபார்த்து, சலித்து, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போர்முனைக்குப் பக்கத்திலேயே கூடாரத்திலும் குடிசையிலும் நடந்த சிறிய ராணுவ மருத்துவமனைகளையும் பார்த்தார்கள்.

போர்முனைச் சேற்றில் கூடாரத்தில் கிடந்தவன் பிழைத்த அளவுக்குக்கூட ஸ்கூடாரிக் கட்டடத்துக்குள் வந்தவன் பிழைக்கவில்லை.

அதாவது மருத்துவமனைக்கு வந்ததுதான் பலரைக் கொன்றது.

அவர் விளக்கேந்தி நடந்த அதே வார்டுகள். அவர் கை பிடித்து ஆறுதல் சொன்ன அதே வீரர்கள். பட்டினி காரணம், தாமதம் காரணம் என்று நம்பியிருந்தவருக்கு, தன் காலடியில் இருந்த சாக்கடைதான் பெரிய காரணம் என்று எண்கள் சொல்கின்றன.

இந்த இடத்தில் அவர் என்ன செய்திருக்கலாம்?

சும்மா இருந்திருக்கலாம். நாடே கொண்டாடுகிறது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்தப் பதிவேடுகளைக் கேட்டவரும் யாருமில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. ராணுவத்தின் உடல்நலம் பற்றி விசாரிக்க அரசு ஆணையம் வேண்டும் என்று விக்டோரியா மகாராணியிடமும் அமைச்சர்களிடமும் போராடினார். 1857-ல் சிட்னி ஹெர்பர்ட் தலைமையில் ஆணையம் அமைந்தது. அன்றைய வழக்கப்படி பெண் என்பதால் அவர் அதில் உறுப்பினராக முடியாது. சாட்சியத்தை எழுத்தில் கொடுத்தார்.

அதே நேரத்தில் 800 பக்கங்களுக்கு மேல் ஒரு அறிக்கை எழுதினார். தான் பணி செய்த ஸ்கூடாரி மருத்துவமனை எப்படிப்பட்ட கொலைக்களமாக இருந்தது என்பதை மறைக்காமல் அதில் எழுதினார். உடம்பு அந்த வருடமே உடைந்தது. அதன் பிறகு வாழ்நாளில் பெரும்பகுதி படுக்கையில் இருந்தபடியே வேலை செய்தார்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்றும் அதிர்ச்சியானது. போரே இல்லாத காலத்தில், இங்கிலாந்திலேயே படைவீடுகளில் இருந்த இளம் சிப்பாய்கள், அதே வயது சாதாரண மக்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் இறந்து கொண்டிருந்தார்கள். பொறுக்கி எடுத்த திடமான இளைஞர்கள் அவர்கள். காரணம் அதே நெரிசல், அதே சாக்கடை, அதே கெட்ட காற்று.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அமைச்சர்களிடம் அட்டவணையை நீட்டினால் படிப்பார்களா?

படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு படம் வரைந்தார்.

ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரித்தார். ஒரு துண்டு ஒரு மாதம். மரணம் அதிகமான மாதத்தின் துண்டு வெளியே நீண்டிருக்கும். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் வந்த மரணத்துக்கு நீலம். காயத்தால் வந்த மரணத்துக்குச் சிவப்பு. மற்றவற்றுக்குக் கறுப்பு.

பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். நடுவில் கொஞ்சம் சிவப்பு. சுற்றிலும் பெரிதாக நீலம்.

எதிரியின் குண்டு கொன்றது கொஞ்சம். நம் அலட்சியம் கொன்றது ஏராளம். மொத்தப் போரிலும் பிரிட்டிஷ் தரப்பில் சண்டையிலும் காயத்திலும் இறந்தவர்கள் 5,000-க்கும் குறைவு. நோயால் இறந்தவர்கள் 16,000-க்கும் மேல்.

1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். படைவீடுகளில் காற்றோட்டமும் வடிகாலும் சீரமைக்கப்பட்டன. ராணுவ மருத்துவப் பள்ளி வந்தது. ராணுவத்தின் நோய், மரணக் கணக்கை ஒழுங்காக எடுக்கத் தனிப்பிரிவு வந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முரண் உண்டு. அவருக்குக் கிருமி என்றால் என்ன என்று அப்போது தெரியாது. அந்தக் கால மருத்துவர்கள் பலரைப் போலவே கெட்ட காற்றால்தான் நோய் பரவுகிறது என்று நம்பினார். காரணத்தைப் பற்றிய நம்பிக்கை தவறு. ஆனால் எங்கே அதிகம் சாகிறார்கள், எதை மாற்றியபோது குறைந்தது என்ற கணக்கு சரியாக இருந்தது. அந்தக் கணக்கு உயிர்களைக் காப்பாற்றியது.

"ஒரு தடவை தப்பை ஒத்துக்கொண்டார், சரி" என்று நினைக்கிறீர்களா? இரண்டாவது தடவையும் நடந்தது.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அடுத்து, கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கச் செவிலியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று, கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் ஒரு பிரசவ வார்டும் அவருடைய நிதி உதவியோடு தொடங்கப்பட்டது.

நல்ல நோக்கம். நல்ல ஆட்கள். ஆனால் அங்கே பிரசவித்த தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள்.

1867-ல் அந்த வார்டு மூடப்பட்டது.

மூடியதோடு அவர் விடவில்லை. வீட்டில் பிரசவித்தால் எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள், மருத்துவமனையில் எத்தனை பேர் என்று பல நாடுகளின் கணக்குகளைத் திரட்டினார். அதில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் லியோன் லெ ஃபோர் தொகுத்த ஐரோப்பியக் கணக்கின்படி, அன்றைய பிரசவ மருத்துவமனைகளில் ஆயிரம் பிரசவத்துக்குச் சுமார் 34 தாய்மார்கள் இறந்தார்கள். வீட்டில் ஆயிரத்துக்கு 5 பேருக்கும் குறைவு.

1871-ல் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார். தான் ஆசையாக ஆரம்பித்த வார்டு ஏன் தோற்றது என்பதும் அந்தப் புத்தகத்தின் பேசுபொருள்.

(இதைப் படித்துவிட்டு "அப்போ வீட்டுப் பிரசவம்தான் நல்லதா டாக்டர்?" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! அது கிருமி பற்றிய அறிவும், கை கழுவும் பழக்கமும், ஆன்டிபயாடிக்கும், ரத்தம் ஏற்றும் வசதியும் இல்லாத காலம். இன்று கணக்கு அப்படியே தலைகீழ். இன்று மருத்துவமனைப் பிரசவமே தாய்க்கும் சேய்க்கும் பாதுகாப்பு. அன்றைய ஆதாரத்துக்கு அன்றைய முடிவு. இன்றைய ஆதாரத்துக்கு இன்றைய முடிவு.)

நம் ஊருக்கும் இந்தக் கணக்கு வந்தது.

1859-ல் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரம் பற்றி ஓர் ஆணையம். நைட்டிங்கேல் இந்திய மண்ணில் கால் வைத்ததே இல்லை. ஆனால் இந்தியா முழுக்க இருந்த படை முகாம்களுக்கு அச்சடித்த கேள்வித்தாள்களை அனுப்பி வைத்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வடிகால் எங்கே போகிறது? எத்தனை பேர் ஒரு அறையில்?

1863-ல் அறிக்கை வந்தது. இங்கிருந்த ஐரோப்பிய வீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்து கொண்டிருந்தார்கள். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் குழுக்கள் அமைக்கப்பட்டன. பத்து வருடம் கழித்து அவர் எழுதும்போது அந்த 69 என்பது 18 ஆகியிருந்தது.

சிப்பாய்களைப் பற்றி ஆரம்பித்தவர், போகப் போக இந்திய விவசாயிகளின் பஞ்சத்தையும் பாசனத்தையும் பற்றி எழுத ஆரம்பித்தார். சிப்பாய் குடிக்கும் தண்ணீர் சுத்தமாக வேண்டுமானால் பக்கத்து ஊர்க்காரன் குடிக்கும் தண்ணீரும் சுத்தமாக வேண்டும் இல்லையா?

அவர் செவிலியம் பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் நிர்வாகம் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதன் கருத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். பொறுப்பில் இருப்பது என்றால் எல்லா வேலையையும் நாமே இழுத்துப் போட்டுச் செய்வது அல்ல. நாம் இருக்கும்போது நடக்கும் வேலை, நாம் இல்லாதபோதும் அப்படியே நடக்கும்படி ஏற்பாடு செய்வது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வார்டு சிஸ்டர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ஆரம்பத்தில் சொன்ன நோட்டுக் கதை இதுதான்.

நான் வேலை பார்த்த ஒரு பொது மருத்துவ வார்டு. கட்டிலை விட நோயாளிகள் எப்போதும் அதிகம். பாயிலும் படுத்திருப்பார்கள். அங்கே இன்சார்ஜ் சிஸ்டர், இருபது வருட சர்வீஸைத் தாண்டியவர்.

ஒரு நாள் அவர் ஒரு கோடு போட்ட நோட்டோடு சுற்றுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு படுக்கையாகப் போய், குளுக்கோஸ் ஏற்றக் கையில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் ஊசியைப் பார்க்கிறார். எந்தக் கை, எத்தனையாவது நாள், எங்கே போட்டது, வீக்கம் இருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று குறிக்கிறார். வீங்கியிருந்தால் சிவப்பு மை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கிற வேலையில இது வேற எதுக்கு சிஸ்டர்?"

"ஒரு மாசம் பொறுங்க டாக்டர்" என்றார்.

ஒரு மாதம் கழித்து நோட்டை என் முன்னால் வைத்தார். சிவப்பு மை விழுந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று, இரவில் அவசரத்தில் போட்டு, போட்ட தேதி எங்கேயுமே எழுதாமல் வார்டுக்கு வந்தவை. இன்னொன்றை அவரே விரல் வைத்துக் காட்டினார்.

"இதெல்லாம் திங்கட்கிழமை டாக்டர். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நான் வராத அன்னைக்கு யாருமே பார்க்கறதில்ல. தப்பு என் பக்கமும் இருக்கு."

நான் வாயடைத்துப் போனேன். அந்த வருடம் எத்தனை நோயாளிகளுக்கு "கை வீங்கிடுச்சா, ஆயின்ட்மென்ட் போடுங்க" என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்திருப்பேன்! ஏன் வீங்குகிறது என்று ஒரு நாள்கூட எண்ணிப் பார்க்கவில்லை. அவர் எண்ணினார். எண்ணியதில் தன் பெயரும் வந்தபோது அதை அடிக்கவில்லை.

தீர்வு பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஊசி போட்டதும் பிளாஸ்டர் மேல் பேனாவால் தேதி. டியூட்டி மாறும்போது ஒப்படைக்கிற சிஸ்டரும் ஏற்கிற சிஸ்டரும் சேர்ந்து ஒரு சுற்று. ஞாயிறும் உண்டு. அடுத்த மாத நோட்டில் சிவப்பு மை நன்றாகக் குறைந்திருந்தது. திங்கட்கிழமை மற்ற நாட்களைப் போலவே ஆகிவிட்டது.

ஸ்கூடாரிக்கும் எங்கள் வார்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் கேட்ட கேள்வி ஒன்றுதான். "என் பொறுப்பில் இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? நான் நினைப்பது நடக்கிறதா, நடப்பது வேறா?"

இதற்கு அனுபவம் மட்டும் போதாது. அனுபவம் நமக்குப் பிடித்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளும். நோட்டு பிடிக்காததையும் வைத்துக்கொள்ளும்.

பொதுமக்களாகிய உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

வார்டில் சிஸ்டர் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தால், "ஆளைப் பார்க்காம எழுதிட்டே இருக்காங்க" என்று கோபப்படாதீர்கள். அந்த எழுத்தும் உங்கள் சிகிச்சைதான். உங்கள் கையில் ஊசி போட்டால் "இன்னைக்குத் தேதி எழுதிடுங்க சிஸ்டர்" என்று அன்போடு கேளுங்கள். வலியோ வீக்கமோ வந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

என்னைப் போன்ற மருத்துவர்களுக்கு ஒன்று. வார்டில் ஒரு செவிலியர் ஒரு நோட்டை நீட்டினால், "இது எதுக்கு?" என்று கேட்பதற்கு முன்னால் வாங்கிப் படித்துவிடுவோம். இருபத்து நான்கு மணி நேரமும் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பது அவர்கள். நாம் ரவுண்ட்ஸில் பார்ப்பது சில நிமிடம்.

செவிலியர் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே! மே 12, நைட்டிங்கேல் பிறந்த நாள். உலகச் செவிலியர் தினமாக ஒவ்வொரு வருடமும் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறீர்கள். அடுத்த முறை விளக்கு ஏற்றும்போது அவர் இன்னொரு கையில் வைத்திருந்த மரணப் பதிவேட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவேட்டில் இருந்தவர்கள் அவர் காப்பாற்ற முடியாமல் போனவர்கள். அவர்களை அவர் எண்ணாமல் விடவில்லை. அதனால்தான் அடுத்து வந்தவர்கள் பிழைத்தார்கள்.



அன்புடன்,
உங்கள் அரசு மருத்துவர்